மனோதர்மம்: ராகத்துக்குள் கிடைக்கும் சுதந்திரம்

கர்நாடக இசைக் கச்சேரிக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பலமாகக் கைதட்டுவார்கள். பாடகர் மூச்சு விடாமல் ஸ்வரங்களைக் கொட்டி, மிருதங்கமும் வயலினும் கூடவே ஓடிவந்து, எல்லோரும் ஒரே புள்ளியில் சேர்ந்து முடிக்கும் இடம் ஒன்று. தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் இடம் இன்னொன்று. இரண்டுமே கைதட்ட வேண்டிய இடங்கள்தான். ஆனால் அதே கச்சேரியில், அதற்கு அரை மணி நேரம் முன்னால், ராக ஆலாபனையின் நடுவில் பாடகர் ஒரு ஸ்வரத்தில் வந்து நின்றிருப்பார். முன்வரிசையில் நாலைந்து பேர் 'ஆஹா' என்று தலையை ஆட்டியிருப்பார்கள். புதியவருக்கு அங்கே என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது. அங்கே நடந்தது என்ன என்று தெரிந்துவிட்டால் கர்நாடக இசையில் பாதிக் கதவு திறந்த மாதிரி. அதைத்தான் முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த இசையில் பாடப்படுவதை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒருவர் முன்பே இயற்றி வைத்ததைக் குருவிடம் கற்றபடி பாடுவது கல்பித சங்கீதம். வர்ணம், கீர்த்தனை, பதம், தில்லானா எல்லாம் இதில் அடங்கும். மேடையில் உட்கார்ந்த பிறகு, அந்த நிமிஷத்தில், பாடகர் தானே உருவாக்கிக்கொண்டு போவது மனோதர்மம்.

ஒரு கச்சேரியின் பிரதான உருப்படியை எடுத்துக்கொள்வோம். முதலில் ராக ஆலாபனை வரும். பாட்டின் சொல்லும் கிடையாது, தாளமும் கிடையாது, ராகத்தை மட்டும் விரித்துக்கொண்டே போவது. பாடகர் முடித்ததும் வயலின் வித்வான் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிப்பார். பிறகு கீர்த்தனை. அதில் ஒரு வரியை எடுத்து, சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு மெட்டை மட்டும் புதிது புதிதாக மாற்றிப் பாடுவது நிரவல். அதே வரியைப் பிடித்துக்கொண்டு, ஸ ரி க ம என்று ஸ்வரங்களின் பெயரையே சொல்லிப் பாடி, ஒவ்வொரு முறையும் அந்த வரியின் தொடக்கத்தில் சரியாக வந்து சேர்வது கற்பனை ஸ்வரம். அப்புறம் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம். ராகம் தானம் பல்லவி பாடும் நாளில் இவையெல்லாம் இன்னும் பெரிதாகும். ஆலாபனைக்குப் பின் 'அனந்தம், ஆனந்தம், தானம்' போன்ற அசைகளை வைத்து, தாளம் போடாமலே ஒரு துடிப்போடு பாடுகிற தானம் வரும். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பாடுகிறவர்கள் உண்டு.

ஒரு மணி நேரம் நீளும் பிரதான உருப்படியில் இயற்றப்பட்ட பாட்டு மட்டும் கால் மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். மீதி எல்லாம் மனோதர்மம். பாடுகிறவர் கையில் இவ்வளவு பெரிய இடத்தை ஒப்படைக்கிற செவ்வியல் இசைகள் உலகத்தில் சிலதான். இந்துஸ்தானி இசை அப்படி ஒன்று. மேற்கத்திய செவ்வியல் இசையிலும் 18-ஆம் நூற்றாண்டில் மொட்சார்ட் போன்றவர்கள் மேடையிலேயே கற்பனையாக வாசித்திருக்கிறார்கள். பிறகு எழுதி வைத்ததை வாசிப்பதே அங்கே முறையாகிவிட்டது. நம் பக்கத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் 'நல்ல தேர்ச்சி' என்று ஒருவரைச் சொல்வதும் 'நல்ல சங்கீதம்' என்று சொல்வதும் இங்கே தனித்தனிப் பேச்சாக இருக்கின்றன.

சுதந்திரம் என்றால் எதற்கு இத்தனை விதி?

புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. மனசுக்குத் தோன்றியதைப் பாடலாம் என்று சொல்லிவிட்டு, ஆரோகணம் (ஏறு வரிசை), அவரோகணம் (இறங்கு வரிசை), இந்த ஸ்வரத்தை இப்படி அசைக்கக் கூடாது, அந்த ஸ்வரத்தில் நிற்கக் கூடாது என்றால் அது என்ன சுதந்திரம்?

தோடி ராகத்தைப் பார்க்கலாம். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) வரிசையில் எட்டாவது. ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் (ஸ ரி க ம ப த நி) என்ற ஏழு ஸ்வரங்களும் உண்டு. அந்த ஏழு ஸ்வரங்களையும் ஒரு கீபோர்டில் சரியான கட்டைகளைத் தேடி ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தோடி வராது. ஏதோ ஒரு வரிசை கேட்கும், அவ்வளவுதான். தோடியின் உயிர் அதன் காந்தாரத்தில் இருக்கிறது. அந்தக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமத்தின் விளிம்பு வரை போய்வந்து கொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம். இதே சாதாரண காந்தாரம்தான் பைரவியிலும் இருக்கிறது, கரகரப்பிரியாவிலும் இருக்கிறது. கீபோர்டில் மூன்றுக்கும் ஒரே கட்டை. பாடும்போது மூன்றிலும் மூன்று விதமாக அசைகிறது. அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கேட்டே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இதை எழுதிக் காட்டவும் முயன்றிருக்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஸ்வரங்களுக்கு மேல் கமகக் குறிகள் போட்டிருக்கிறார். அது பெரிய உழைப்பு. அப்படியும், தோடியைக் காதால் கேட்டுப் பழகாத ஒருவர் அந்தக் குறிகளை மட்டும் வைத்துத் தோடி பாடிவிட முடியாது.

ஆக, ராகம் என்பது ஏழு ஸ்வரங்களின் வரிசையைத் தாண்டிய ஒன்று. அதற்கென்று சில பிடிகள், அதாவது அதன் அடையாளமான ஸ்வரத் தொடர்கள், உண்டு. நிற்கக்கூடிய ஸ்வரங்கள் உண்டு, தொட்டுவிட்டு ஓட வேண்டிய ஸ்வரங்கள் உண்டு. தோடியில் பஞ்சமம் இருக்கிறது என்றாலும், அதைத் தொடாமல் மத்யமத்திலிருந்து நேரே தைவதத்துக்குத் தாவும்போது வருகிற அழகே வேறு. 'இருக்கிற ஸ்வரம்தானே, பாடினால் என்ன?' என்று பாடலாம், தப்பில்லை. விட்டுவிட்டுப் பாடலாம், அதுவும் தப்பில்லை. இப்போது எதை விடுவது, எங்கே விடுவது என்பதைத்தான் பாடகர் தீர்மானிக்க வேண்டும். விதிகள் கறாராக இருப்பதால்தான் இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தீர்மானங்களுக்கு எடை வருகிறது. எதுவும் எங்கேயும் வரலாம் என்றால், பஞ்சமத்தை விட்டதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த 'ஆஹா'வுக்கு வருவோம். ஆலாபனை செய்கிறவர் கீழ் ஸ்தாயியில் (தாழ்ந்த ஸ்வரங்களில்) தொடங்கி மெல்ல மேலே வருகிறார். கேட்பவர்களின் காது, அடுத்து மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிடுவார் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவர் தொடவில்லை. நிஷாதத்திலேயே நிற்கிறார். அதைச் சுற்றி இரண்டு சின்னப் பிரயோகங்கள் பாடுகிறார், மறுபடியும் தைவதத்துக்கு இறங்கிவிடுகிறார். எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டு முறை கிட்டே போய்த் திரும்பிவிட்டு, யாரும் நினைக்காத ஒரு தருணத்தில், வேகமே இல்லாமல், மேல் ஷட்ஜத்தில் வந்து அமர்கிறார். குரலில் வித்தை எதுவும் காட்டவில்லை. ஆறு மாதம் கற்ற மாணவர்கூட அந்த ஸ்வரங்களைப் பாடிவிடுவார். அந்த வரிசையில், அந்த இடைவெளி விட்டு, அந்த நேரத்தில் பாட வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் மனோதர்மம்.

சாதகம் (பயிற்சி) எதற்கு?

அப்படியானால் தேர்ச்சி தேவையில்லையா என்றால், அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை.

கர்நாடக இசைப் பயிற்சி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையோடு தொடங்குகிறது. இந்தப் பாடத்திட்டத்தை 16-ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. ஜண்டை வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரம், கீதம் என்று போய் வர்ணத்துக்கு வர வேண்டும். வர்ணத்தை முதல் காலத்தில் பாடு, இரண்டாம் காலத்தில் பாடு, தாளம் போடும் கை மாறாமல் பாடு என்று குரு பிழிந்து எடுப்பார். ஒரு நல்ல வர்ணத்துக்குள் அந்த ராகத்தின் முக்கியப் பிடிகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கும். அதை நூறு முறை பாடும்போது மாணவருக்குத் தெரியாமலே ராகம் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. விடிகாலையில் எழுந்து 'ஆ' என்ற ஒலியிலேயே பாடிப் பழகும் அகார சாதகம் செய்வது, மூன்று ஸ்தாயியிலும் ஸ்வரம் பிசகாமல் நிற்கப் பழகுவது, வயலின்காரர்களும் வீணைக்காரர்களும் விரல் நுனி காய்க்கும்வரை வாசிப்பது எல்லாமே இதற்குத்தான். மனசில் ஒன்று தோன்றி, அதைக் குரல் செய்ய மறுத்தால், அந்தக் கற்பனையால் யாருக்கும் பயன் இல்லை.

ஒரு மொழியில் சொல்வளமும் இலக்கணமும் சரளமும் இல்லாமல் அதில் மேடைப் பேச்சு பேச முடியாது. அதே சமயம், இவை மூன்றும் இருந்தும் சொல்ல எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். சாதகத்துக்கும் மனோதர்மத்துக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான்.

மனோதர்மத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதும் சுவாரசியமானது. 'ஆலாபனை இப்படிச் செய்' என்று குரு பெரும்பாலும் சொல்வதில்லை. சில பிடிகளைப் பாடிக் காட்டுவார், மற்றபடி கேட்டுத்தான் வர வேண்டும். கச்சேரியில் மாணவர் குருவுக்குப் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுவார். ஆலாபனையின் நடுவில் குரு சட்டென்று நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அது 'நீ பாடு' என்று அர்த்தம். அரை நிமிஷம் கிடைக்கும். குரு விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும், அவர் பாடியதையே திருப்பிப் பாடக் கூடாது, அவர் அடுத்துப் போக நினைத்த இடத்துக்கு முன்னாலேயே ஓடிவிடவும் கூடாது. எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அந்த அரை நிமிஷத்தில் கிடைக்கிறது.

ஏழு, ஏழு, ஆறு, ஆறு, ஆறு

கற்பனை ஸ்வரத்தின் முடிவில் கைதட்டல் வாங்கும் அந்த இடத்துக்குக் கோர்வை என்று பெயர். எப்படி அமைகிறது என்று ஒரு சின்ன உதாரணம் பார்க்கலாம்.

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, எட்டு அட்சரம் (எண்ணிக்கை). ஒவ்வோர் அட்சரத்தையும் நாலாகப் பிரித்தால் மொத்தம் 32 மாத்திரை. இந்த 32-ஐ நிரப்பிக்கொண்டு அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் சரியாக வந்து விழ வேண்டும். ஏழு ஏழாக இரண்டு ஸ்வரக் கோவைகள் பாடினால் 14. பிறகு ஆறு ஆறாக மூன்று பாடினால் 18. கூட்டினால் 32. ஒரே வடிவம் மூன்று முறை திரும்பி வருவதால் 'இதோ முடியப் போகிறது' என்று கேட்பவருக்கும் தெரிந்துவிடும். மிருதங்கக்காரர் அந்த ஆறைப் பிடித்து, ததிங்கிணதொம் என்ற ஐந்து எழுத்துச் சொற்கட்டில் ஒரு மாத்திரை கார்வை (நீட்டிப்பு) சேர்த்து ஆறாக்கி, கூடவே வாசிப்பார். மூன்றாவது முறை முடியும்போது எல்லோரும் ஒன்றாகச் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) விழுவார்கள். சபையே அதிரும்.

இது மிக எளிய கோர்வை. மேடையில் வருகிறவை இதைப் போலப் பல மடங்கு சிக்கலானவை. நடை (ஓர் அட்சரத்தை எத்தனையாகப் பிரிப்பது என்பது) மாறும், பாட்டின் எடுப்பு (தொடங்கும் இடம்) தாளத்தின் முதல் தட்டில் இல்லாமல் அரை அட்சரமோ ஒன்றரை அட்சரமோ தள்ளி இருக்கும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தாளத்தில் அசைக்க முடியாத பிடிப்பு இருந்தால்தான் முடியும். மதிக்க வேண்டிய திறமை.

ஆனால் இதை வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்து, மனப்பாடம் செய்து, மேடையில் ஒப்பிக்கவும் முடியும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கோர்வை விஷயத்தில் அது ஒன்றும் ஒளித்து வைக்கப்பட்ட ரகசியம் இல்லை, குற்றமும் இல்லை. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. இன்றைக்குப் பல கச்சேரிகளில் கற்பனை ஸ்வரம் முழுவதும் கடைசிக் கோர்வைக்குப் போகும் சாலையாக மட்டும் ஆகிவிட்டது. ஏழு ஏழாகப் பாட வேண்டும் என்பதற்காக ராகத்தின் பிடியை முறித்து, எண்ணிக்கைக்குப் பொருந்துகிற ஸ்வரங்களை அடுக்குகிறார்கள். அந்த ஸ்வரங்கள் கல்யாணியாகவும் இருக்கலாம், சங்கராபரணமாகவும் இருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ராகம் எங்கேயோ போய்விட்டது.

மதுரை மணி ஐயரின் (1912–1968) பதிவுகளைக் கேட்டால் இதன் மறுபக்கம் தெரியும். அவர் ஸ்வரங்கள் பெரும்பாலும் சர்வலகுவாக, தாளத்தின் இயல்பான நடையிலேயே, ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கணக்கு எதுவும் கண்ணில் படாது. ஒவ்வொரு சுற்றிலும் ராகத்தின் ஒரு புது முகம் வரும், பாட்டின் எடுப்பில் அலட்டிக்கொள்ளாமல் வந்து சேர்ந்துவிடுவார். கேட்பவர் கை தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும். இவ்வளவு சுலபமாகக் கேட்கிற அதைத் திருப்பிப் பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஒரே வரியை எத்தனை விதமாகப் பாடலாம்?

மனோதர்மத்தின் வகைகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது நிரவல். புதியவர்களுக்கும் அதுதான் நல்ல வாசல் என்று நினைக்கிறேன். சொற்கள் இருப்பதால், என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பிடித்துக்கொள்ள எளிது.

தியாகராஜரின் (1767–1847) 'நிதி சால சுகமா' என்ற கல்யாணி ராகக் கீர்த்தனை பலருக்குத் தெரிந்தது. மிச்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை. செல்வம் மிகவும் சுகம் தருமா, ராமனின் சந்நிதியில் செய்யும் சேவை சுகம் தருமா என்று கேட்டுத் தொடங்குகிறது. தஞ்சை அரசவையின் அழைப்பை மறுத்த சமயத்தில் பாடினார் என்று சொல்வார்கள். அதன் சரணத்தில் 'மமதா பந்தன யுத நரஸ்துதி சுகமா' என்ற வரியில் நிரவல் செய்வது வழக்கம். நான், எனது என்ற பற்றில் கட்டுண்ட மனிதர்களைப் புகழ்வது சுகமா என்று கேட்கிறது அந்த வரி.

நிரவலுக்கு இரண்டு நிபந்தனைகள். சொற்கள் தாளத்தில் எங்கே விழுந்தனவோ ஏறக்குறைய அங்கேயே விழ வேண்டும். சொல்லை உடைத்துப் பொருளைக் கெடுக்கக் கூடாது. மெட்டு மட்டும் உங்கள் இஷ்டம். முதலில் பாடகர் வரியை அதன் மூல மெட்டுக்கு அருகிலேயே நிதானமாகப் பாடுவார். அடுத்த சுற்றில் 'மமதா'வைக் கீழே இறக்கிப் பாடினால் அது ஒரு பெருமூச்சு மாதிரி இருக்கும். இன்னொரு சுற்றில் 'நரஸ்துதி'யை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோனால் அதில் சவால் தொனிக்கும். 'சுகமா' என்ற கேள்வியை ஒரு முறை முடிக்காமல் அந்தரத்தில் விடலாம். சொற்கள் அதேதான், தாளம் அதேதான். ஆனாலும் தியாகராஜரின் கேள்வி ஒவ்வொரு முறையும் வேறு குரலில் கேட்கப்படுகிறது. வயலின் வித்வான் ஒவ்வொன்றுக்கும் பதில் வாசிப்பார். சொல்லே இல்லாத வாத்தியத்தில் அந்தக் கேள்வி கேட்கும்.

பிறகு இரண்டாம் காலத்துக்குப் போவார்கள். வேகம் இரட்டிப்பாகும். இங்கேதான் கவனிக்க வேண்டும். வேகம் கூடின பிறகும் வரி வரியாகவே இருக்கிறதா, அல்லது 'மமதாபந்தனயுத' என்று எழுத்துகள் மட்டும் உருண்டு ஓடுகின்றனவா? நன்றாகப் பாடுகிறவரிடம் வேகத்திலும் அந்தக் கேள்வி பிழைத்திருக்கும், இன்னும் அவசரமாக, இன்னும் தவிப்பாக. மற்றவரிடம் நாக்குச் சுழற்சிதான் மிஞ்சும். எவ்வளவு வேகம் என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே வேகத்தில் இரண்டும் நடக்கும்.

வேகமும் நிதானமும்

இதைச் சொன்னதும், மெதுவாகப் பாடினால் கலை, வேகமாகப் பாடினால் வித்தை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அது சரியில்லை. ஜி.என். பாலசுப்ரமணியத்தின் (1910–1965) பிருகாக்கள் (வேகமாக உருண்டோடும் ஸ்வரத் தொடர்கள்) மின்னல் வேகத்தில் விழும். அந்தக் காலத்து இளைஞர்கள் அந்த வேகத்துக்காகவே அவரைப் பின்பற்றினார்கள். ஆனால் அவர் ஆலாபனையைப் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு பிருகாவும் ஓர் இடத்தில் தொடங்கி, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது, அங்கிருந்து அடுத்த யோசனை பிறக்கிறது. வேகத்தில் சிந்தித்தவர் அவர். அவரைப் போலப் பாட முயன்ற பலருக்கு வேகம் மட்டும் வந்தது.

எதிர் முனையில் எம்.டி. ராமநாதன் (1923–1984). கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் கற்றவர். ஆழமான, கனத்த குரல், யாரும் துணியாத விளம்ப (மிக நிதானமான) காலம். இரண்டு சொற்களுக்கு நடுவில் அவர் விடும் மௌனத்தில் சிலர் பொறுமை இழந்தார்கள், சிலர் அதற்காகவே அவரைத் தேடிப் போனார்கள். சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய பதிவுகள் இன்றும் கேட்கப்படுகின்றன, அதுவும் இசைக் கலைஞர்களால்.

செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயரின் (1908–2003) குரல் இயற்கையாகவே இனிமையானது என்று அவருடைய ரசிகர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். கடும் சாதகத்தால் பழக்கிய குரல் அது. அதை வைத்துக்கொண்டு அவர் கரகரப்பிரியாவை விரித்த விதம் ஒரு தலைமுறைக்கே பாடமாக இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சின்னக் கூட்டம், மிக மெல்லிய நாதம். கேட்க வந்தவர்கள் அசையக்கூடத் தயங்குவார்களாம். பெரிய வித்வான்களே அங்கே கேட்பவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையைச் (1898–1956) சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நாகஸ்வர மரபில் சுவாமி புறப்பாட்டின்போது இரவு நெடுநேரம் ஒரே ராகத்தை வாசிப்பது உண்டு. தெருவில், திறந்த வெளியில், பாட்டே இல்லாமல் ராகம் மட்டும். மனோதர்மம் வளர்ந்த முக்கியமான மண் அதுதான் என்று அழுத்திச் சொல்வேன். சபா மேடைகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் கோயில் வீதிகளைப் பற்றிப் பேசுவதில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டாகவும் வந்தது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர், அந்தச் சின்ன இடத்துக்குள்ளும் எதை விடுவது, எதை வைப்பது என்று தெரிந்து வாசித்திருக்கிறார்.

வித்தை காட்டும் ஆசை இன்றைக்கு முளைத்ததும் இல்லை. ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் பாடுவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள். பல்லவிப் போட்டிகளில் எதிராளியைத் தாளத்தில் தடுமாற வைப்பது ஒரு விளையாட்டாகவே இருந்தது. இன்று மாறியிருப்பது, கேட்கும் விதம். ஒரு நிமிஷ வீடியோவில் ஆலாபனையின் வளர்ச்சியைக் காட்ட முடியாது, கோர்வையைக் காட்டலாம். டிவி போட்டியில் நடுவர் மதிப்பெண் போட வேண்டும். தாளம் பிசகியதா, ஸ்ருதி விலகியதா என்பதற்கு மதிப்பெண் போடுவது எளிது. மேல் ஷட்ஜத்தைத் தள்ளிப் போட்டதற்கு எத்தனை மதிப்பெண்? வளரும் குழந்தைகள் எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதைத்தான் பழகுவார்கள். பத்து வயதுக் குழந்தை ஐந்து நடையில் ஸ்வரம் பாடுவதைப் பார்க்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு ஒரு ராகத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க நேரம் கிடைக்கிறதா என்ற கவலையும் கூடவே வருகிறது.

எல்லாமே அங்கேயே பிறந்ததா?

இல்லை. எந்தக் கலைஞரும் வெறும் கையோடு மேடை ஏறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் கையிருப்பாகச் சில பிடிகள் இருக்கும். குருவிடமிருந்து வந்தவை, வானொலியிலும் ரெக்கார்டிங்கிலும் கேட்டுச் சேர்த்தவை, தானே கண்டுபிடித்துப் பத்திரப்படுத்தியவை. முந்நூறு கச்சேரியில் கல்யாணி பாடியவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிரயோகத்தையும் புதிதாக உண்டாக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தெரிந்த பிடிகளை இன்றைக்கு எந்த வரிசையில் கோக்கிறார், இரண்டு தெரிந்த பிடிகளுக்கு நடுவில் தெரியாத ஒன்று வந்து விழும்போது அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறாரா என்பதில்தான் சுவை.

பக்கவாத்தியக்காரர்கள் இதில் பெரிய பங்கு எடுக்கிறார்கள். பல கச்சேரிகளில் பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் ஒத்திகை இல்லாமல், சில சமயம் மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள். என்ன பாடப் போகிறார் என்பதே முன்கூட்டித் தெரியாமல் இருக்கும். வயலின் வித்வான் ஆலாபனையின்போது பாடகருக்கு ஓர் இமைப்பொழுது பின்னால் நிழல் மாதிரி வருவார். தன் முறை வரும்போது, பாடகர் தொடாமல் விட்ட ஒரு மூலையைத் திறந்துகாட்டுவார். நல்ல பாடகர் அதை எடுத்துக்கொண்டு நிரவலில் அங்கே போவார். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாட்டுக்கு வாசித்த விதத்தைப் பெரியவர்கள் இன்றும் உதாரணம் காட்டுவார்கள். பாட்டின் ஒவ்வொரு சங்கதிக்கும் (ஒரு வரியின் மெட்டு மாறிவரும் வடிவத்துக்கும்) ஏற்றபடி அவர் கை மாறும். வாசிக்காமல் விட வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். எல்லா இடைவெளியையும் சொற்கட்டால் நிரப்பிவிடும் கைவேகம் உள்ளவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

எப்படிக் கேட்கத் தொடங்குவது?

ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர் எதுவும் தெரிய வேண்டாம். அவை தானாக வரும். முதலில் ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கல்யாணி போதும். யூடியூபில் மூன்று பேரின் கல்யாணி ஆலாபனையை, முழுக்கச்சேரி வேண்டாம், ஆலாபனையை மட்டும் கேளுங்கள். ஒருவர் எங்கே தொடங்குகிறார், மேல் ஷட்ஜத்துக்கு எவ்வளவு நேரம் கழித்துப் போகிறார், எங்கே மௌனம் விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். பிருகா எத்தனை என்று எண்ணத் தேவையில்லை.

அடுத்து ஒரு நிரவல். வரியை மனப்பாடம் செய்துகொண்டு கேட்டால் இன்னும் நல்லது. எந்தச் சொல்லைப் பாடகர் அதிகம் அலசுகிறார், அதன் பொருளுக்கும் அவர் போகும் இடத்துக்கும் ஏதாவது தொடர்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்வரம் வரும்போது கோர்வைக்குக் காத்திருக்காமல், அதற்கு முன்னால் வரும் சின்னச் சின்ன ஸ்வரங்களைக் கவனியுங்கள். பாடகர் முடித்ததும் வயலின் என்ன பதில் சொல்கிறது, அந்தப் பதிலைக் கேட்ட பிறகு பாடகரின் அடுத்த சுற்று மாறுகிறதா? மாறினால், அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் பழகின பிறகு, உங்களுக்குப் பிடித்த ஒரே கலைஞர் ஒரே ராகத்தை வெவ்வேறு வருஷங்களில் பாடிய இரண்டு பதிவுகளை எடுத்து, அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே பிடிகள் வரும், அது இயல்பு. ஆனால் அவை அதே வரிசையில், அதே இடைவெளியில், அதே முடிவோடு வந்தால் அவர் ஒரு கீர்த்தனையைப் பாடுகிற மாதிரி ஆலாபனையைப் பாடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது பதிவில் ஏழாவது நிமிஷத்தில் எங்கேயோ ஒரு திருப்பம் வந்து, வயலின்காரர் 'பேஷ்' என்று சொல்வது மைக்கில் லேசாகக் கேட்டால், அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேளுங்கள்.